காது குத்திய பொம்மை

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதை எதற்காகச் செய்தார்கள் என்பதே மறந்துவிட்டது. பிள்ளைகள் விளையாடுவதற்கென்று செய்த பொம்மையைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். எடுத்துக் காட்டச் சொன்னால் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு எடுக்கிறார்கள். வெறுங்கை பட்டால் சாயம் போய்விடுமாம். பிள்ளைகள் கடித்து, எச்சில் பண்ணி, தெருக்குழாயில் வைத்துக் குளிப்பாட்டியபோது போகாத சாயம்.

கொழும்பில் வெள்ளவத்தைத் தில்லைநாதன் ஐயாவைத்தான் சொல்கிறேன். அரசாங்கக் கந்தோரில் பெரிய கிளார்க்காக இருந்து பென்சன் எடுத்தவர். பிள்ளைகள் கனடாவில். மூன்றாம் மாடி ஃப்ளாட்டில் அவரும் அவருடைய அலுமாரியும் மட்டும். அலுமாரி நிறைய பேபி அம்சா.

பேபி அம்சாவை இப்போது யாருக்கும் தெரியாது. அறுபதுகளில் சென்னைப் படங்களில் நடித்த சிறுமி. சுருட்டை முடி, கன்னத்தில் குழி. நான் அப்போது எங்கள் ஜிந்துப்பிட்டிக்குப் பக்கத்துக் கொட்டாஞ்சேனையில் ஒரு தியேட்டரில் போஸ்டர் ஒட்டிக்கொண்டும் வாசலில் டிக்கட் கிழித்துக்கொண்டும் இருந்தேன். அவள் படம் வந்தால் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவை உடைப்பார்கள். ஒரு படத்தில் அவள் திருவிழாவில் தொலைந்துபோய், கடைசியில் தன் காலாலேயே நடந்து தகப்பன் வாசலுக்கு வந்து நிற்பாள். ஹோல் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும். எனக்குச் சிரிப்பாக இருக்கும். படத்தில்தான் பிள்ளைகள் வழி கேட்காமல் வீட்டுக்கு வரும்.

அந்தப் படத்தோடு பொம்மையும் வந்தது. அறுபத்தாறில். படுக்க வைத்தால் கண் மூடும், நிமிர்த்தினால் திறக்கும். இடைவேளையில் வாசலில் வைத்து விற்றார்கள். என் மகள் இராமலெட்சுமிக்கு அப்போது ஆறு வயது. மூன்று நாள் சோறு தின்னாமல் அடம் பிடித்தாள். நான் வாங்கிக் கொடுத்தேன். வெள்ளையம்மா, என் பெண்சாதி, ஒரு வாரம் என்னோடு கதைக்கவில்லை.

அந்த வருடம்தான் ஜிந்துப்பிட்டி முருகன் கோவிலில் லெச்சுமிக்குக் காது குத்தினோம். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"பேபிக்கு முதல்ல குத்துங்க. பேபி அழுவலேன்னா நானும் அழுவ மாட்டேன்."

ஆசாரி பொம்மையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுக்குத் தாய்மாமன் யாருங்க? மடியிலே வச்சுக்க ஆள் வேணுமே."

கோவிலே சிரித்தது. அன்றைக்குக் காரியம் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாக்கு தைக்கிற ஊசியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, நானே பொம்மைக்குக் குத்தினேன். பிளாஸ்டிக் சூடு தாங்குமா? இடது காதில் ஊசி வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கி, ஓட்டை பெரிதாகி, ஓரம் கருகிவிட்டது. வலது காதுக்குக் கொஞ்சம் ஆறவிட்டுக் குத்தினேன். அது சரியாக வந்தது. லெச்சுமி இரண்டிலும் வேப்பங்குச்சி சொருகி, மஞ்சள் பூசி, பத்து நாள் பத்தியம் கொடுத்தாள். பதினோராம் நாள் தன் காதைக் காட்டினாள். அழவில்லை.

உலகத்தில் பொம்மைக்குக் காது குத்திய ஒரே மடையன் நான்தான் என்று தியேட்டரில் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன்.

பொம்மையோடு வந்த சட்டை கிழிந்த பிறகு, லெச்சுமியின் தீபாவளிப் பாவாடையில் மிஞ்சிய பச்சைத் துணியில் வெள்ளையம்மா ஒரு சட்டை தைத்தாள். பின்பக்கம் இரண்டு அழுத்துப் பொத்தான் வைத்தது. உள்ளங்கை அகலம்கூட இராது.

எண்பத்தொன்றில் லெச்சுமி முத்துலிங்கம் என்கிற கொத்தனாரோடு போனாள். தேயிலைத் தோட்டத்தில் கலவரத்தில் அடிபட்டு வவுனியாவுக்கு அங்கால் காடு வெட்டிக் குடியேறின சனத்தில் ஒருவன். கொழும்பில் வேலை செய்ய வந்தவன். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். காட்டுக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்டேன். அவள் கேட்கவில்லை. அவள் என் சொல்லை ஒரு நாளும் கேட்டதில்லை. பொம்மையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள். இருபத்தொரு வயதுப் பெண். "போனா போ. இனி இந்தப் படியிலே கால் வைக்காதே" என்று கத்தினேன். அக்கம்பக்கம் எல்லாம் கேட்டது. பச்சைச் சட்டை துவைத்துக் கொடியில் கிடந்தது. அதை மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

எண்பத்துமூன்றுக் கலவரத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கோவிலுக்குள் ஓடியபோது வெள்ளையம்மா தூக்கிய பையில் அந்தச் சட்டையும் இருந்தது. நகையை விட்டுவிட்டு அதை எடுத்திருந்தாள். இரண்டு வருடத்தில் அவளும் போய்விட்டாள்.

எண்பத்தொன்பதில் ஒரு கடிதம் வந்தது. எனக்குப் போஸ்டர் எழுத்துத்தான் வாசிக்க வரும். அவளுக்கு அது தெரியும். அதனால் ஒவ்வோர் எழுத்தையும் பெரிதாக எழுதியிருந்தாள். "அப்பா, எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். ஐந்து வயது. பேபிக்குச் சட்டை இல்லை என்று அழுகிறாள். அம்மா தைத்த பச்சைச் சட்டை அங்கே இருந்தால் அனுப்புங்கள்." கீழே விலாசம்.

நான் அனுப்பவில்லை. எட்டு வருடம் கழித்துக் கேட்பது ஒரு சட்டையா என்று கோபம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி இல்லை. கோபம் ஆறுவதற்கு ஒரு வருடம் பிடித்தது. அதற்குள் மறுபடியும் சண்டை தொடங்கிப் பாதையை அடைத்துவிட்டார்கள். உறையில் போட்டு விலாசம் எழுதுவித்துத் தபால் கந்தோருக்குக் கொண்டுபோனேன். அந்தப் பக்கம் தபால் போகாது என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன் கையை விரித்தான்.

அதற்குப் பிறகுதான் நான் சேர்க்கத் தொடங்கினேன். பேபி அம்சா படம் போட்ட பவுடர் டின், காலண்டர், பாட்டுப் புத்தகம், கொப்பி அட்டை. லெச்சுமி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தால் காட்டலாம். வெள்ளவத்தையில் பழஞ்சாமான் கடை வைத்திருக்கும் பலீல் நானா எனக்கென்று எடுத்து வைப்பார். அங்கேதான் தில்லைநாதன் ஐயாவையும் கண்டேன். ஒரே காலண்டருக்கு இரண்டு பேரும் கை நீட்டினோம். அவர் விட்டுக்கொடுத்தார். அன்றிலிருந்து அவர் மேல் எனக்குச் சந்தேகம். சும்மா விட்டுக்கொடுக்கிறவர்களை நான் நம்புவதில்லை.

தொண்ணூற்றெட்டு ஆடி மாதம் பலீல் நானாவின் கடைக்குப் போனபோது அவர் என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

"அடடா, நீங்க நேத்து வந்திருக்கோணும் அண்ணே. உங்கட பேபி பொம்ம ஒண்டு வந்த. தில்லைநாதன் ஐயா எடுத்துட்டுப் போய்ட்டார்."

"போனாப் போகட்டும். என்னா, நல்ல சரக்கா?"

"எங்க நல்ல சரக்கு! காதுல ஓட்ட. அதும் இடது காது கருகியும் ஈக்கி. பழுதுண்டு செல்லித்தான் குடுத்த. உள்ளத உள்ளபடி செல்லோணுமே."

பக்கத்தில் கிடந்த கதிரையில் உட்கார்ந்தேன். உட்காரலாமா என்று கேட்கவில்லை, அது விற்கிற கதிரை.

"யார் கொண்டாந்தது?"

"ஒரு பொம்புள. முப்பத்தஞ்சு நாப்பது வயசு ஈக்கும். பதினாலு பதினஞ்சு வயசுல ஒரு குமர்ப்புள்ளயும் கூட வந்த. வன்னிப் பக்கத்து ஆக்கள், பின்னுக்கு லேன்ல ஈக்கிற லொட்ஜில தங்கின. இந்தியாவுக்குப் போறண்டு சென்ன. பொம்மைய உடுப்பில்லாம ஒரு பழைய லேஞ்சித் துணில சுத்திக் கொண்டுவந்த."

"பேரு?"

"பேர் கேக்க நான் என்ன பொலிஸா? வாறவன் போறவன் எல்லாம் இந்தச் சனத்திட்டப் பேரும் ஐடென்டியும் கேட்டு உசிர எடுக்கிறான். நானும் கேக்கவா?"

"எப்ப வந்தாங்க?"

"போன கிழம. ஏன் அண்ணே, முகம் இப்பிடிப் போச்சு? ஒரு பிளேன் டீ செல்லவா?"

டீ வேண்டாம் என்று எழுந்தேன்.

அன்றைக்கே ஐயா வீட்டுக்குப் போகவில்லை. ஜிந்துப்பிட்டிக்குத் திரும்பிவந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து பச்சைச் சட்டையை எடுத்தேன். அடுத்த நாள் காலையில் அதையும் பேபி அம்சாவின் படம் ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். காலி வீதிச் செக்பொயிண்டில் எல்லோரையும் இறக்கினார்கள். என் ஐடென்டியில் தமிழ்ப் பேரும் ஜிந்துப்பிட்டியும் கண்டதும் ஆமிப் பொடியன் பையைக் கொட்டச் சொன்னான். சட்டையைத் தடவிப் பார்த்தான். படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். சுருட்டை முடி, கன்னக்குழி.

"மே ஒயாகெ துவத?" உன் மகளா என்று கேட்கிறான்.

"ஒவ் மாத்தயா" என்றேன். ஆமாம் என்று. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவன் சிரித்துப் படத்தைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தான். சட்டையையும் மடித்து வைத்தான். அவனுக்கும் வீட்டில் ஒன்று இருக்கும் போல. இருந்தால் எனக்கென்ன.

தில்லைநாதன் ஐயா கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் எட்டிப் பார்த்தார். "ஆர், அழகுமுத்துவோ? வாங்கோ வாங்கோ. இப்ப ஆர் கதவு தட்டினாலும் நெஞ்சு பதைக்குது."

"பலீல் நானாகிட்ட எடுத்த பொம்மையைப் பாக்கணும் ஐயா."

அவர் சாவியை எடுத்தார். கையுறை மாட்டினார். அலுமாரியிலிருந்து ஒரு பொம்மையை மெதுவாகத் தூக்கி மேசையில் ஒரு துவாய்மேல் படுக்க வைத்தார். கண் மூடிக்கொண்டது. நான் கையுறை இல்லாமல் எடுத்தேன். அவர் வாயைத் திறந்து மூடினார்.

இடது காதில் பெரிய ஓட்டை. ஓரம் கருகியிருந்தது. வலது காதில் சின்ன ஓட்டை. நான் குத்தியது. என் கை அதே இடத்தைத் தடவியது. முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் மண்ணெண்ணெய் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தது எல்லாம் அப்படியே வந்தது. மகள் உயிரோடு இருக்கிறாள். போன கிழமை இந்த வெள்ளவத்தையில் நடந்திருக்கிறாள்.

"இது எங்க லெச்சுமியோடது ஐயா. நான்தான் காது குத்துனேன்."

ஐயா என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காது குத்தினதை வைச்சே சொல்லுறியள்?"

"வேற யாரு பொம்மைக்குக் காது குத்துவா?"

"இஞ்ச வாங்கோ."

அலுமாரிக்குள்ளிருந்து இன்னும் மூன்று பொம்மைகளை எடுத்து வரிசையாகப் படுக்க வைத்தார். மூன்றுக்கும் காது குத்தியிருந்தது. ஒன்றுக்கு மூக்கும் குத்தியிருந்தது. ஒன்றின் காதில் வேப்பங்குச்சி முறிந்து உள்ளேயே நின்றது.

"கனடாவில மகன் எழுதுறான், காது பழுதில்லாதது கிடைச்சா எடுங்கோ அப்பா எண்டு. எங்க கிடைக்கிறது? எங்கட சனம் ஒண்டையும் விட்டு வைக்கேல்லை. இது மட்டக்களப்பிலயிருந்து வந்தது. இது கண்டி. இது இஞ்சயே பம்பலப்பிட்டி. பொம்பிளைப் பிள்ளை எண்டு கண்டால் ஊசியைக் காய்ச்சிக்கொண்டு வந்திடுவினம். ஆம்பிளைப் பொம்மையாய்ச் செய்திருந்தால் தப்பியிருக்கும்."

"இடது காது கருகியிருக்கே?"

"பாருங்கோ."

பார்த்தேன். மூன்றிலும் ஒரு காது பெரிதாகக் கருகியிருந்தது. இரண்டில் இடது, ஒன்றில் வலது.

"முதல் காதிலதானே ஊசி நல்ல சூடாய் இருக்கும்" என்றார் ஐயா. "பிழைச்ச பிறகுதானே அடுத்ததை ஆறவிட்டுக் குத்துவியள். எல்லாத் தேப்பன்மாரும் ஒரே மாதிரித்தான்."

நான்கு பொம்மைகளும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தன. முப்பத்திரண்டு வருடமாக நான் ஒருத்தன்தான் மடையன் என்று நினைத்திருந்தேன். ஊர் ஊராக அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்திருக்கிறார்கள்.

பையிலிருந்து பச்சைச் சட்டையை எடுத்தேன். அந்தப் பொம்மைக்கு மாட்டிப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. எனக்கு ஒரு நிமிடம் உயிர் வந்தது. பிறகு கண்டி பொம்மையைப் பார்த்தேன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. எதற்குப் போட்டாலும் கச்சிதமாகத்தான் இருக்கும். ஐயா அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

"இதை நீங்கள் கொண்டு போங்கோ" என்றார்.

"என்னாத்துக்கு? சும்மா குடுக்கிற பொருள் எனக்கு வேணாம்."

"உங்கடை பிள்ளையின்ரை எண்டால்?"

"அதான் தெரியாதே."

"தெரிஞ்சுகொள்ள வழி இருக்கு, அழகுமுத்து. பலீல் சொன்ன லொட்ஜ் அடுத்த லேன்தான். தங்கிற ஆக்களின்ரை பேர், ஊர் எல்லாம் பொலிசுக்கு எண்டு கொப்பியில எழுதி வைக்கிறவை. போய்க் கேளுங்கோ. நானும் வாறன்."

"வேணாம். நான் போறேன்."

சட்டையைக் கழற்றப் போனேன். கழற்றவில்லை. துவாயின்மேல் அப்படியே படுக்க வைத்துவிட்டுப் படியிறங்கினேன்.

லொட்ஜ் வாசலில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் வெற்றிலை போட்டுக்கொண்டு மனேச்சர். மேலே கம்பியில் யார் யாருடையதோ துணிகள் காய்ந்தன. பலீல் நானா சொன்ன அடையாளத்தைச் சொல்லி, பெரிய மகளோடு வந்த பெண் இருக்கிறாளா என்று கேட்டேன்.

"அவையே? செவ்வாய்க்கிழமை போயிட்டினம். திருச்சி பிளேன். தாயும் மகளும்தான். புருசன் இல்லைப் போல, நான் கேக்கேல்லை. நீங்கள் ஆர்? சொந்தமோ?"

அவர் நீளமான கொப்பியைத் திறந்து, எச்சில் தொட்டுப் பக்கங்களைத் தள்ளினார். "பேர் இருக்கு. பொறுங்கோ வாசிக்கிறன்."

"எத்தினி நாள் இருந்தாங்க?"

"என்ன?"

"இங்க எத்தினி நாள் தங்குனாங்கன்னு கேக்கிறேன்."

அவர் விரலை வரிசையில் வைத்துப் பார்த்தார். "ஐஞ்சு கிழமை. விசா சுணங்கிப்போச்சு. பாவம், கூடுதலாய் வெளியிலயும் போறேல்லை. ஒருக்காத் தாய் மட்டும் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஆரையோ பார்க்க எண்டு போய், கொஞ்ச நேரத்தில திரும்பி வந்திட்டா. ஆக்கள் வீடு மாறிப்போயிட்டினமோ என்னவோ, ஒண்டும் கதைக்கேல்லை. இந்தா, பேர் இஞ்ச கிடக்கு..."

"வாசிக்க வேணாம்" என்றேன்.

"ஏன் ஐயா? வந்தது வந்தியள்..."

"வேணாம். மூடுங்க."

அவர் விரலைப் பக்கத்தில் வைத்தபடியே என்னைப் பார்த்தார். நான் தெருவில் இறங்கினேன்.

ஐந்து கிழமை. வெள்ளவத்தைக்கும் ஜிந்துப்பிட்டிக்கும் இரண்டு பஸ். நான் வீடு மாறவில்லை. அதே லைன் வீடு, அதே படி, இரண்டு கல் பெயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். என் மகள் என்றால் வந்திருப்பாள். படிவரைக்கும் வந்துவிட்டு மேலே கால் வைக்காமல் திரும்புவாளா? கால் வைக்காதே என்று நான் சொன்னது உண்மைதான். ஆனால் என் சொல்லை ஒரு நாளும் கேட்காதவள் இதை மட்டும் ஏன் கேட்கப் போகிறாள்? கொட்டாஞ்சேனையில் ஆயிரம் வீடு. பார்க்கப் போனவளுக்கு அங்கே யார் இருந்தார்களோ. அது வேறு யாரோ பெண். பொம்மையும் வேறு யாரோ மடையன் குத்தியது.

ஸ்டேஷனில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்று கோட்டை ரயிலில் ஏறினேன். பம்பலப்பிட்டி தாண்டிய பிறகுதான், சட்டையின் பின்பக்கத்து இரண்டு பொத்தானையும் அழுத்தாமல் வந்துவிட்டது நினைவுக்கு வந்தது. கையுறையோடு அந்த மனுசனால் அதைப் போடவும் முடியாது. இறங்கித் திரும்பலாம் என்று எழுந்தேன்.

மறுபடி உட்கார்ந்துகொண்டேன். யார் வீட்டுப் பொம்மையோ.